ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள்: முதல் நூறு யூரோவை எங்கே போடுவது

புதிதாகச் சேகரிக்க வருபவர்களின் கண் பெரும்பாலும் மூன்று பொருட்களில்தான் போய் நிற்கும். நீல எனாமல் பூசிய, பிரஷ்யாவின் உயரிய வீர விருதான பூர் லே மெரிட், இரண்டாம் உலகப் போரில் கழுத்தில் தொங்கிய ரிட்டர்கிராய்ட்ஸ் என்ற வீரச் சிலுவை, நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களின் பேட்ஜ். போலி செய்பவர்களின் கண்ணும் அதே மூன்றில்தான். முதல் உலகப் போரில் பூர் லே மெரிட் பெற்றவர்கள் மொத்தம் 687 பேர். ஆனால் எந்த நாளில் தேடினாலும் இணையத்தில் ஒன்றிரண்டு ‘அசல்’ விற்பனைக்கு இருக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வருடத்துக்கு ஒரே வேலை போதும். யாரும் மெனக்கெட்டுப் போலி செய்யாத மலிவான அசல்களை வாங்கி, அவை எப்படிச் செய்யப்பட்டன என்பதைக் கைக்கும் கண்ணுக்கும் பழக்குவது. தயாரிப்பு முறை புரிந்துவிட்டால் போலி தானாகவே உறுத்தும். புரியாதவரை எத்தனை புகைப்படம் பார்த்தாலும் எல்லாமே அசல் மாதிரிதான் தெரியும்.

எதில் தொடங்குவது

ஹிண்டன்பர்க் சிலுவை என்று பரவலாக அழைக்கப்படும் 1914-18 உலகப் போர் கௌரவச் சிலுவைதான் சரியான முதல் பொருள். 1934 ஜூலை 13 அன்று நிறுவப்பட்டது. எண்பது லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. பத்து முதல் இருபது யூரோவுக்குள் நல்லதாகவே கிடைக்கும். மூன்று வகை உண்டு. போர்முனையில் நின்றவர்களுக்கு வாள்களுடன், நடுவில் லாரல் இலை வளையம். மற்றப் படையினருக்கு வாள் இல்லாமல், ஓக் இலை வளையம். இறந்தவர்களின் மனைவிக்கும் பெற்றோருக்கும் அதே வாளில்லாத சிலுவை, கறுப்புப் பூச்சில். மூன்றுமே இரும்பு, காந்தம் பட்டென்று பிடிக்கும். பின்புறம் வெறுமையாக, பெரும்பாலும் தயாரிப்பாளர் குறி மட்டும் இருக்கும். மூன்றையும் வேறு வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அச்சில் அடித்த இரும்பின் விளிம்பு எப்படி இருக்கும், வெண்கல நிறப் பூச்சு எங்கே முதலில் தேயும் என்பதெல்லாம் ஐம்பது யூரோவுக்குள் படித்துவிடலாம்.

இரண்டாவதாக, 1870-71 போரின் நினைவுப் பதக்கம். போரிட்டவர்களுக்கானது பிரெஞ்சுக்காரர்களிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கிய வெண்கலத்தில் செய்யப்பட்டது. பதக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பைப் பாருங்கள்: ‘கைப்பற்றிய பீரங்கியிலிருந்து’ என்று பொருள்படும் ஜெர்மன் எழுத்துகள் ஓடும். போரிடாதவர்களுக்குத் தந்தது எஃகு. 1897-இல் பேரரசர் முதலாம் வில்ஹெல்மின் பிறந்த நூற்றாண்டுக்கு அடித்த பதக்கமும் பீரங்கி வெண்கலம்தான், அதுவும் மலிவு.

இவை கைக்குப் பழகிய பிறகுதான் இரும்புச் சிலுவை.

இரும்புச் சிலுவையில் நான்கு ஆண்டுகள்

பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் 1813 மார்ச் 10 தேதியிட்டு நிறுவியது. பிறகு 1870, 1914, 1939 என மூன்று முறை புதுப்பிக்கப்பட்டது. முகப்பின் கீழ்க்கையில் இருக்கும் ஆண்டுதான் அந்தச் சிலுவையின் ஆண்டு. இங்கேதான் புதியவர்கள் முதலில் வழுக்குவார்கள்: 1870, 1914, 1939 இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் எல்லாவற்றின் பின்புறத்திலும் 1813 என்று இருக்கும். 1914-ஆம் ஆண்டுச் சிலுவையின் பின்பக்கத்தை மட்டும் படமெடுத்துப் போட்டு, ‘நெப்போலியன் காலத்து அரிய சிலுவை’ என்று விற்பவர் அறியாமல் செய்தாலும் அறிந்து செய்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். உண்மையான 1813 சிலுவை மிக அரிது. தொடக்கக்காரர் கையில் அது வந்து விழாது.

1914 இரண்டாம் வகுப்பு சுமார் ஐம்பது லட்சம் வழங்கப்பட்டது. குறி இல்லாத சாதாரணமான ஒன்றை நாற்பது முதல் எண்பது யூரோவுக்குள் வாங்கலாம். முகப்பில் மேலே கிரீடம், நடுவில் டபிள்யூ எழுத்து, கீழே 1914. அகலம் ஏறக்குறைய 42 மில்லிமீட்டர்.

மேசையில் வைத்துப் பார்ப்பது

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், டிஜிட்டல் காலிப்பர், சிறிய காந்தம், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், 0.01 கிராம் வரை காட்டும் தராசு. எல்லாம் சேர்ந்தாலும் நல்ல சிலுவை ஒன்றின் விலைதான் ஆகும். சிலுவைக்கு முன்னால் இவற்றை வாங்குங்கள்.

அசல் 1914 சிலுவை மூன்று பாகம் கொண்டது. நடுவில் கறுப்பாக்கிய இரும்புத் தகடு. அதை முன்னும் பின்னும் அணைத்துப் பிடிக்கும் இரண்டு சட்டங்கள், வெள்ளியிலோ வெள்ளி முலாமிலோ. இரண்டு சட்டமும் வெளி விளிம்பில் பற்றவைக்கப்பட்டிருக்கும். எனவே முதலில் பார்க்க வேண்டியது முகப்பை அல்ல, பக்கவாட்டு விளிம்பை. லென்ஸில் அந்த இணைப்புக் கோடு மெல்லியதாகவோ, அரத்தால் தேய்த்து மறைத்த தடமாகவோ தெரியும். அடுத்து, சட்டமும் உள்தகடும் சந்திக்கும் இடம். அங்கே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். சில சிலுவைகளைக் காதருகே வைத்து லேசாக ஆட்டினால் உள்தகடு அசைவது கேட்கும். பயப்பட வேண்டாம், அது மூன்று பாகம் என்பதற்குச் சாட்சி.

ஒரே வார்ப்பில் ஊற்றிய போலியில் இந்த இடைவெளி இருக்காது. சட்டம் உள்தகட்டிலிருந்து முளைத்து எழுந்தது போல வளைந்து சேரும். மேலே கறுப்பு பெயின்ட் பூசி எல்லையைக் காட்டியிருப்பார்கள். பெயின்டின் ஓரம் நெளிந்து சட்டத்தின் மீது ஏறியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

சட்டத்தின் உள்ளோரம் ஓடும் மணி வரிசையை லென்ஸில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அச்சில் அடித்தால் மணிகள் தனித்தனியாக, நடுவே கூர்மையான பள்ளத்தோடு நிற்கும். வார்ப்பில் மணிகள் சோப்பு கரைந்தது போல மழுங்கும். பள்ளங்களில் ஊசிமுனைக் குழிகளும் சிறு குமிழ்களும் தெரியும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் வார்ப்புப் போலி அசலைவிட ஒன்றிரண்டு சதவீதம் சிறியதாகவும் இருக்கலாம். 42 மில்லிமீட்டரில் ஒரு சதவீதம் என்பது 0.4 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, காலிப்பருக்குத் தெரியும். ஆனால் அசல்களிலேயே தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு மாறும். அதே தயாரிப்பாளரின் அசலோடு ஒப்பிட்டால்தான் அந்த அளவுக்கு அர்த்தம்.

இன்னொரு தடயம் கீறல். அச்சில் இருந்த விரிசல் அதே அச்சில் அடித்த எல்லா அசலிலும் வரும், அது இயல்பு. ஆனால் அணிந்தவர் கையில் விழுந்த கீறலோ பள்ளமோ இரண்டு வெவ்வேறு பதக்கங்களில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் இருக்க வழியே இல்லை. இருந்தால் இரண்டில் ஒன்றாவது வார்ப்பு. விற்பனைக்கு வரும் படங்களைச் சேமித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இதற்குத்தான் உதவும்.

காந்தத்தை நம்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உள்தகடு இரும்பாக இருந்தால் ஒட்டும். நல்ல போலிகளிலும் இரும்பு வைக்கிறார்கள். இரும்பு இல்லாத உள்தகடு கொண்ட அசல்களும் அபூர்வமாக உண்டு. அவற்றை ‘கடற்படைக்காகத் துருப்பிடிக்காமல் செய்தது’ என்று கதை சேர்த்துக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். அந்தக் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தொங்கும் வளையத்தில் தயாரிப்பாளர் குறி இருக்கலாம். பெர்லின் அரச நாணயசாலையின் ‘கே.ஓ.’, ஸீ உண்ட் வாக்னர் நிறுவனத்தின் ‘எஸ்-டபிள்யூ’ போன்றவை அடிக்கடி வருபவை. குறி இருந்தால் விலை ஏறும். அதனால்தான் கவனம் தேவை: வளையம் கழற்றக்கூடிய பாகம். விலை குறைந்த சிலுவையில் குறியுள்ள வளையத்தை மாட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். வளையத்தின் வாயில் இடுக்கித் தடம் பளபளப்பாக இருக்கிறதா, சிலுவையின் மேல்கண்ணில் உள்ள தேய்மானம் வளையத்தின் தேய்மானத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

உள்தகட்டின் கறுப்பு அப்பழுக்கில்லாமல் இருப்பது மட்டும் குற்றமில்லை. இரண்டாம் வகுப்புச் சிலுவையை அன்றாடம் அணிய மாட்டார்கள். சட்டைப் பொத்தான் துளையில் ரிப்பன் மட்டும்தான். சிலுவை பெட்டிக்குள் கிடந்திருக்கும். சந்தேகப்பட வேண்டியது மீண்டும் பூசிய கறுப்பை: எண்களின் மூலைகளில் பெயின்ட் தேங்கி நிற்கும், அடியில் துரு மேடு மேடாகத் தெரியும்.

எனாமல் பதக்கங்களுக்குத் தனிப் பார்வை வேண்டும். ஹாம்பர்க், பிரெமென், லூபெக் என்ற மூன்று நகரங்கள் முதல் உலகப் போரில் வழங்கிய சிவப்பு ஹன்சியாட்டிக் சிலுவை நல்ல பயிற்சிப் பொருள். நடுவில் ஹாம்பர்குக்குக் கோட்டை, பிரெமெனுக்குச் சாவி, லூபெக்குக்கு இரட்டைத் தலைக் கழுகு. எனாமல் என்பது உருக்கிய கண்ணாடி. உடைந்தால் சிப்பி போலச் சில்லு பெயரும், நுண்ணிய மயிர் விரிசல்கள் இருக்கும், நகத்துக்கு மசியாது. பிளாஸ்டிக் பிசின் நிரப்பிய போலியில் கீறல்கள் மென்மையாக விழும். பல்லில் தட்டினால் ‘டிக்’ என்ற கண்ணாடி ஒலிக்குப் பதில் மந்தமான சத்தம் வரும். உடைந்த கையைப் பிசினால் நிரப்பிய அசல்களும் நிறையப் புழங்குகின்றன. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் நிரப்பிய இடம் வேறு பளபளப்பில் தெரியும்.

காய பேட்ஜும் துத்தநாகமும்

1918 மார்ச் 3 அன்று நிறுவிய காய பேட்ஜ் மூன்று நிறத்தில் வரும். ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி நிறம், ஐந்து அல்லது அதற்கு மேல் தங்க நிறம். கறுப்பு மெல்லிய இரும்புத் தகட்டில் அடித்தது, ஏராளமாகக் கிடைக்கும். அதைச் சுரண்டி தங்கப் பூச்சு கொடுத்தால் விலை பல மடங்கு. தங்க நிற பேட்ஜ் காந்தத்தில் ஒட்டினால் பின்பக்கக் குழிகளில் கறுப்பு மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். 1918 மாதிரியில் தலைக்கவசம் வெறுமையாக இருக்கும். அதில் ஹாக்கன்கிராய்ட்ஸ், அதாவது நாஜி ஸ்வஸ்திகா, இருந்தால் பிந்தைய மாதிரி.

இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் செம்பு கலந்த உலோகங்கள் தட்டுப்பாடாகி பல பதக்கங்கள் துத்தநாகத்தில் வந்தன. துத்தநாகத்தின் மேல் பூச்சு காலப்போக்கில் உள்ளே இறங்கி, பதக்கம் சாம்பல் நிறமாகிவிடும். அழகில்லை என்று ஒதுக்காதீர்கள், அதுதான் அதன் இயல்பு. துத்தநாக பேட்ஜில் தங்க நிறம் நேற்றுப் பூசியது போல மின்னினால்தான் யோசிக்க வேண்டும்.

அந்தக் காலப் பதக்கங்களில் தயாரிப்பாளர் எண்கள் ஒரு குழப்பம். அரசு நேரடியாக வழங்கியவற்றில் வெறும் எண், கடையில் தனியாக விற்றவற்றில் ‘எல்’, சாய்கோடு, பிறகு எண். லூடென்ஷைட் நகரின் ஸ்டைன்ஹவர் உண்ட் லூக் நிறுவனத்துக்கு முதல் முறையில் 4, இரண்டாவதில் எல்/16. இந்தக் கடை எண் முறை 1941-இல் வந்தது. அதற்கு முன் வழங்கியதாகச் சொல்லும் பதக்கத்தில் அந்த எண் இருந்தால் கதையில் ஓட்டை. இதே நிறுவனம் போருக்குப் பிறகும் பதக்கம் செய்தது, வியன்னாவின் ருடால்ஃப் சௌவல் நிறுவனமும் அப்படியே. அசல் நிறுவனத்தின் குறி இருந்தும் போருக்குப் பிந்தையதாக இருப்பவை இப்படித்தான் உருவாயின. எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

ரிப்பன், நூல், முழு வரிசை

போருக்குப் பிந்தைய நூல்களிலும் காகிதங்களிலும் வெண்மையூட்டும் ரசாயனம் கலப்பது வழக்கமானது. இருட்டறையில் புற ஊதா ஒளி அடித்தால் அது நீல வெள்ளையாக ஒளிரும். பழைய ரிப்பன் மங்கலாகவே இருக்கும். இதில் இரண்டு விதிவிலக்கு. அசல் ரிப்பனைப் பின்னாளில் சலவைத் தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். வெண்மையூட்டாத நூலில் நெய்த போலி ஒளிராது. அதனால் ஒளிர்ந்தால் சந்தேகம், ஒளிராவிட்டால் அது எதற்கும் உறுதியல்ல. அசல் சிலுவையில் புது ரிப்பன் இருப்பது பாவமில்லை, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பல பதக்கங்களை ஒன்றாகத் தைத்த வரிசைக்கு ஜெர்மனில் ஆர்டன்ஸ்ஷ்பாங்க என்று பெயர். தனித்தனியாக விற்றால் கிடைப்பதைவிட வரிசைக்கு விலை அதிகம் என்பதால், அசல் பதக்கங்களையே பொறுக்கி இன்று தைத்துவிடுகிறார்கள். எனவே இங்கே உலோகத்தைவிடத் தையல்தான் பேசும். வரிசையைத் திருப்பிப் பின்துணியைப் பாருங்கள். பூச்சி அரித்த ஓட்டை துணியில் இருந்தால் அடியில் உள்ள ரிப்பனிலும் நூலிலும் அதன் தொடர்ச்சி இருக்கிறதா? பதக்கத்தை மெல்லத் தூக்கினால், அது உரசிய இடத்தில் ரிப்பனில் கறையோ துருவோ பதிந்திருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த ரிப்பனில் மறைந்த பகுதி நிறம் மாறாமலும், வெளியே தெரிந்த பகுதி வெளுத்தும் இருக்க வேண்டும். முழுக்க ஒரே சீராக வெளுத்த ரிப்பன் வேறெங்கோ கிடந்து வந்தது. தையல் நூலையும் புற ஊதாவில் பாருங்கள்.

பிறகு சேர்க்கை. 1914 சிலுவையின் ரிப்பன் போரிட்டவருக்குக் கறுப்பில் வெள்ளைக் கோடு, போரிடாதவருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு. வெள்ளை ரிப்பன் சிலுவைக்குப் பக்கத்தில் வாளுள்ள ஹிண்டன்பர்க் சிலுவை இருந்தால் காரணம் கேளுங்கள். ஹிண்டன்பர்க் சிலுவை உள்ள எந்த வரிசையும் 1934-க்கு முன் தைத்திருக்க முடியாது. ‘1919-இல் தாத்தா அணிந்தபடி’ என்று எழுதியிருந்தால் அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆவணம்

பெயருள்ள சான்றிதழோடு வரும் பதக்கத்துக்கு மதிப்பு கூடும். கள்ளச் சான்றிதழுக்கும் அதனாலேயே சந்தை. காகிதத்தைப் புற ஊதாவில் பாருங்கள். எழுத்துகளை லென்ஸில் பார்த்து, சிறு நிறப்புள்ளிகளால் ஆனவை என்றால் பிரின்டரில் வந்தது. 1916 தேதியிட்ட தாளில் பால்பாயின்ட் கையெழுத்து இருந்தால் சொல்லவே வேண்டாம். பெயரைச் சரிபார்க்க நினைத்தால், பிரஷ்யப் படை ஆவணங்கள் 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் பாட்ஸ்டாமில் எரிந்துவிட்டன. பவேரியப் படைப் பதிவேடுகள் மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் தப்பின. ஒரே விலையில் இரண்டு தொகுப்பு கிடைத்தால் பவேரியருடையதை எடுங்கள், விசாரிக்க இடமிருக்கிறது.

விளம்பரத்தில் வரும் ஜெர்மன் சொற்கள்

‘சம்லர்ஆன்ஃபெர்டிகுங்’ என்றால் சேகரிப்பாளர்களுக்காகச் செய்தது, அதாவது நகல். ‘நாஹ்பிரேகுங்’ மறு அச்சு. ‘ஆஉஸ்ஃபியூருங் 57’ என்றால், 1957 சட்டத்தின்படி ஹாக்கன்கிராய்ட்ஸ் நீக்கி மீண்டும் செய்த வடிவம். இரும்புச் சிலுவையில் நடுவில் ஓக் இலை இருக்கும், கீழே 1939 என்ற ஆண்டு அப்படியே இருக்கும். அது நேர்மையான பொருள்தான், போர்க்காலப் பொருள் அல்ல. ‘ட்ராகெஷ்பூரன்’ அணிந்த தடம். ‘நாடல் எர்செட்ஸ்ட்’ ஊசி மாற்றப்பட்டது. ‘ட்சார்கெ’ என்பது சிலுவையின் வெள்ளிச் சட்டம். அதில் ‘ரிஸ்’ என்றால் விரிசல். ‘வோல்’ என்ற சின்னச் சொல்லைத் தவறவிடாதீர்கள்: ‘அநேகமாக’ என்று பொருள். விற்பவர் தன் தலையைக் காத்துக்கொள்ளும் சொல் அது.

பணமும் சட்டமும்

ஏல நிறுவனங்கள் இறுதி விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் வாங்கும். 25 சதவீதம் என்று வைத்தால் 200 யூரோ பொருள் 250 ஆகும், அதற்குமேல் அஞ்சல், காப்பீடு. உங்கள் உச்ச விலையைக் கட்டணம் சேர்த்துக் கணக்கிட்டுத் தாளில் எழுதிவிட்டு ஏலத்தில் நுழையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகரிடம் இணையத்தில் வாங்கும் நுகர்வோருக்குப் பதினான்கு நாள் திருப்பித் தரும் உரிமை உண்டு. தனிநபரிடம் வாங்கினால் இல்லை, நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்திலும் இல்லை. ஆகவே சந்தேகமான பொருளை வணிகரிடமே வாங்குங்கள், ரசீதில் ‘1945-க்கு முந்தைய அசல்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். விற்பவரே அச்சடித்துத் தரும் ‘உத்தரவாதச் சான்றிதழ்’ காகித விலைகூடப் பெறாது.

ஜெர்மனியில் தண்டனைச் சட்டப் பிரிவு 86அ நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் தடுக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை. அதனால்தான் ஏலப் பட்டியல்களில் சின்னத்தை மறைத்துப் படம் போடுகிறார்கள். ஆய்வு, கல்வி, வரலாறு போன்ற நோக்கங்களுக்கு விலக்கு இருப்பதால் வாங்குபவரிடம் அந்த நோக்கத்துக்கு உறுதிமொழியும் வாங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரி 8 முதல் இத்தகைய சின்னமுள்ள பொருட்களின் வணிகத்துக்கே கட்டுப்பாடு. எல்லை தாண்டி அனுப்பச் சொல்லும் முன் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். 1918-க்கு முந்தையவற்றில் இந்தத் தொல்லை கிடையாது. தொடக்கத்தில் அந்தக் காலத்தோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கி வந்த பிறகு

துலக்காதீர்கள். வெள்ளிச் சட்டத்தின் கருமை பல பத்தாண்டுகளில் படிந்தது. பாலிஷ் போட்ட மறுநிமிடம் அதுவும் போகும், விலையில் ஒரு பகுதியும் போகும். உள்தகட்டில் புதுத் துரு தெரிந்தால் மரக்குச்சியால் மெல்ல உதிர்த்து, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகத் தடவினால் போதும். ரிப்பனில் மெழுகு படக்கூடாது. ஓக் மரப் பெட்டி பார்க்க அழகு, ஆனால் அதிலிருந்து கசியும் அமில ஆவி துத்தநாகத்தையும் ஈயத்தையும் அரிக்கும். பி.வி.சி. உறையும் ஆகாது, ஒட்டும் பசை விட்டு உலோகத்தைப் பச்சையாக்கும். பாலிப்ரோப்பிலீன் பெட்டி, அமிலமில்லாத தாள், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். ஜெல்லின் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். வாங்கிய தேதி, விலை, விற்றவர் எழுதித் தந்த வாசகம், காலிப்பர் அளவு, எடை ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பதக்கத்தோடு அதே பெட்டியில் வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், மை கசிந்தால் ரிப்பனில் இறங்கும்.